கொசுவத்திக்கும் உப்புக்கும் ஒரே வாசகம்

என் மனைவியிடம் ஒரு வாசகம் இருந்தது. 'தரத்தில் உயர்வு, விலையில் மலிவு, எங்கள் வீட்டுக்கு நிறைவு.' அவள் எழுதியது என்று சொல்ல முடியாது. வேறு யார் எழுதியது என்றும் சொல்ல முடியாது. ஏதோ ஒரு ஜவுளிக்கடைப் பையிலோ பாத்திரக்கடைக் காலண்டரிலோ அவள் கண்ணில் பட்டிருக்கும். எந்தக் கம்பெனி பரிசுப் போட்டி வைத்தாலும் இதைத்தான் அனுப்புவாள். 'இந்தத் தேயிலையை நான் விரும்பக் காரணம்' என்று அச்சடித்து அதன் பக்கத்தில் வரிசையாகப் புள்ளி வைத்திருப்பார்கள். அந்தப் புள்ளிகளின் மேல் இந்த வாசகம் ஏறும். சோப்புக்கும் இதுதான், தேங்காயெண்ணெய்க்கும் இதுதான். கொசுவத்திக்கும் இதையே எழுதியபோது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"கொசுவத்தி எப்படிம்மா வீட்டுக்கு நிறைவாவும்?"

"கொசு இல்லன்னா தூக்கம் வரும். தூங்கி எழுந்தா சண்டை வராது. அதுக்கு மேல என்ன நிறைவு வேணும் உங்களுக்கு? போய் வேலையப் பாருங்க."

கொசுவத்திக் கம்பெனிக்காரன் ஒரு பச்சை நிற பிளாஸ்டிக் வாளி அனுப்பினான். இன்றைக்கும் எங்கள் குளியலறையில் இருக்கிறது, கைப்பிடி மட்டும் போய்விட்டது.

போய் வேலையைப் பாருங்கள் என்று அவள் சொன்னாளே தவிர, போட்டிகள் வரும் காலத்தில் எனக்கு வேலை இருக்காது. மரக்காணத்தில் அப்பா காலத்திலிருந்து குத்தகைக்கு எடுத்த உப்புப் பாத்திகள் என்னுடையவை. பொங்கல் கழிந்து பாத்தியை மிதித்துச் சீராக்கி, தண்ணீர் கட்டி, வெயில் ஏற ஏற உப்பு வார ஆரம்பித்தால் அடுத்த மழை வரைக்கும் நிமிர நேரம் கிடையாது. ஐப்பசி பிறந்துவிட்டால் பாத்திகள் எல்லாம் ஒரே தண்ணீர்க்காடு. அப்போதுதான் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்குமாகக் கம்பெனிக்காரர்கள் போட்டிகளை அவிழ்த்துவிடுவார்கள். மழைக்கு வீட்டோடு கிடக்கும் ஆணுக்கு மனைவியைக் கிண்டல் செய்வதைத் தவிர வேறு என்ன வேலை?

நல்ல மீன் குழம்பு வைத்தால், தட்டைப் பார்த்து "தரத்தில் உயர்வு" என்பேன். அவள் கூனிமேட்டுக் கடையிலிருந்து புது நைட்டி வாங்கி வந்தால் "விலையில் மலிவு" என்பேன். அவள் தங்கை வானூரிலிருந்து பிள்ளைகளோடு வந்து இறங்கினால் வாசலில் நின்று முழு வாசகத்தையும், மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கிறவர்கள் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். பக்கத்துப் பாத்திக்கார அண்ணன் வரைக்கும் இது பரவி, காலையில் என்னைப் பார்த்தால் வணக்கத்துக்குப் பதிலாக "என்னப்பா, வீட்டுக்கு நிறைவா?" என்று கேட்க ஆரம்பித்தார். என் மனைவி எதற்கும் அசைய மாட்டாள்.

அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. பரிசு பெற்றவர்களின் வாசகங்களைக் கம்பெனிகள் வெளியிடும்போது உட்கார்ந்து படிப்பாள். "ஜெயிச்சதெல்லாம் பாருங்க. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்குது. உயர்வு, நிறைவு, மகிழ்வு. புதுசா எழுதறவன் ஒருத்தனும் ஜெயிக்கல. படிச்சுப் பார்த்து மார்க் போடறவனும் நம்மள மாதிரி வீட்டுக்குப் போவ அவசரப்படற மனுஷன்தானே? தெரிஞ்ச வரியப் பார்த்தா சந்தோஷமா டிக் அடிச்சிடுவான்."

எனக்கு இது ஒப்பவில்லை. மனதிலிருந்து ஒரு வரி எழுதினால் தோற்குமா என்று ஒரு வருஷம் அந்தத் தேயிலைப் போட்டிக்கு நானும் எழுதினேன். 'உப்பளத்து வெயிலில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது முதலில் நினைவுக்கு வருவது இந்தத் தேநீர்.' எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. அவளிடம் படித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது, ஆனால் தேறாது என்றாள். அவளுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வந்தது. எனக்கு, கலந்துகொண்டமைக்கு நன்றி என்று போனில் ஒரு மெசேஜ் வந்தது. அந்த டிபன் பாக்ஸில்தான் பாத்திக்குச் சோறு கொண்டுபோகிறேன் என்பதை அண்ணனிடம் சொல்லவில்லை. அவள் சொல்லிவிட்டாள்.

இப்படி வாளி, டப்பா, ஹாட்பேக் என்று ஆறுதல் பரிசுகளாகவே வந்துகொண்டிருந்ததே தவிர, பெரிய பரிசு ஒன்றும் விழவில்லை. அவளும் அதைப் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. கை வலி வரும்வரைக்கும் அது ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது.

உப்பளத்தில் உடுத்திய துணியைத் துவைத்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். உப்புத்தண்ணீர் ஏறிய கைலி காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும். ஒரு அலசலில் உப்பு போகாது. அலசிப் பிழிந்து, திரும்ப அலசிப் பிழிந்து, தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கக் கூடாது, அப்போதுதான் அவளுக்குத் திருப்தி. கல்யாணமான நாளிலிருந்து இது தினப்படி. ஒரு கட்டத்தில் வலது கை மணிக்கட்டு வீங்கி, கரண்டி பிடிக்கவே சிரமப்பட்டாள். பாண்டிச்சேரியில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். தைலம், மாத்திரை, கைக்கு ஒரு பட்டை எல்லாம் கொடுத்துவிட்டு, "இனிமே துணி பிழியவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். என்ன வேலை செய்கிறேன் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் என் கைலியைப் பார்த்தார். அன்றைக்குத் துவைத்த கைலிதான். அவள் பிழிந்தது.

அதன் பிறகு நான் துவைத்தேன். நான் துவைத்ததை எனக்குத் தெரியாமல் அவள் மறுபடி அலசினாள். அந்தப் பருவத்தில் எப்படியாவது வாஷிங் மெஷின் வாங்கிவிடலாம் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் கோடையிலேயே பெருமழை வந்து, மூடாமல் கிடந்த உப்பு அம்பாரத்தைக் கரைத்துக்கொண்டு போனது. மெஷின் பேச்சை நான் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. வலியிருந்தால் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அது அவளுக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே கோபம் வரும். கோபம் வந்தால் அவளிடம்தான் எரிந்து விழுவேன்.

அந்த மழைக்காலத்தில்தான் பாக்கெட் உப்புக் கம்பெனி ஒன்று போட்டி வைத்தது. முதல் பரிசு வாஷிங் மெஷின்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உப்பளத்துக்காரன் வீட்டில் உப்பு வாங்குவதில்லை. காசுக்காக இல்லை, மானத்துக்காக. பருவத்தில் முதலில் வாரிய உப்பில் ஒரு கூடை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவோம். ஃபாதர் மந்திரித்துத் தருவார். அதைக் கொண்டுவந்து சமையலறை மேடையில் இருக்கும் ஜாடியில் கொட்டுவோம். வருஷம் முழுக்க அந்த உப்புதான். ஜாடி மேடையை விட்டு இறங்காது. மேடையைக் கழுவ எடுத்தால்கூட மந்திரித்த உப்பு இருக்கும்வரை தரையில் வைக்க மாட்டோம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு ஜாடி இருக்கும். எங்களுடையது என் அம்மா வைத்திருந்தது, பழுப்பும் வெள்ளையுமான பீங்கான், நல்ல கனம்.

அந்தப் போட்டியில் கலந்துகொள்ள பாக்கெட் உப்பு வாங்கி, அதன் மேலிருக்கும் கூப்பனைக் கிழிக்க வேண்டும்.

"பாக்கெட் உப்பு இந்த வாசலைத் தாண்டக் கூடாது" என்றேன்.

"தாண்டாது."

"அப்புறம் எப்படி அனுப்புவே?"

"கூப்பன் தாண்டும். உப்பு தாண்டாது."

"நம்ம வயித்துல அடிக்கறவன் போட்டியில போய்…"

"நான் உப்புக்கு அனுப்பலங்க. மெஷினுக்கு அனுப்பறேன்."

மரக்காணத்தில் வாங்கினால் ஊரே பேசும் என்று கூனிமேட்டுக்குப் பஸ் ஏறிப் போனாள். கடைக்கார பாய்க்கு எங்களைத் தெரியும். "என்னாம்மா இது, கடல்ல தண்ணி வத்திடுச்சா?" என்று சிரித்திருக்கிறார். கடை வாசலிலேயே கூப்பனைக் கிழித்துக்கொண்டு, உப்பை நேராக வானூரில் தங்கை வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினாள். சொன்ன சொல் தவறவில்லை.

இந்தத் தடவையாவது புதிதாக எழுதினாளா என்று கேட்டேன். "எதுக்கு? அதேதான்" என்றாள்.

தேயிலைக்கும் கொசுவத்திக்கும் எழுதியபோது சிரித்த எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. தரத்தில் உயர்வாம். எங்கள் உப்பும்தான் லாரி ஏறி எங்கேயோ போய் அரைபட்டு ஏதோ ஒரு பாக்கெட்டில் அடைபடுகிறது. விலையில் மலிவாம். ஒரு பாக்கெட்டுக்குக் கடையில் கொடுக்கும் காசுக்கு எங்களிடம் எவ்வளவு உப்பு கேட்கிறார்கள் என்று வியாபாரிகளுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு நிறைவாம். அது எங்கள் வீட்டுப் படியையே மிதித்ததில்லை. இத்தனை வருஷமாக யாருக்கும் வலிக்காமல் போய்வந்த வாசகம், சொல்லிவைத்தாற்போல மூன்று இடத்திலும் என்னைக் குத்தியது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை. பழகிய வாசகத்தை யார் காதில் வாங்கப்போகிறார்கள் என்பது அவள் கட்சி.

மழை ஓய்ந்து, பருவம் தொடங்கி, முதல் உப்பு மந்திரித்து ஜாடி நிறைந்திருந்தது. நான் பாத்தியில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஏங்க, மெஷின் விழுந்துடுச்சு."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. பக்கத்தில் அண்ணன் நிற்பது அதற்குப் பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மெதுவாகப் பேசினேன்.

"வீட்டுக்கே வந்து குடுப்பாங்களாம். சமையக்கட்டுல வச்சி வீடியோ எடுப்பாங்களாம். நான் அந்த வாசகத்தைச் சொல்லணுமாம்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்க அன்னிக்குப் பாத்தியிலயே இருந்துக்குங்க. உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும்" என்றாள்.

அப்படியே செய்வதாகத்தான் இருந்தேன். உப்பு வாரும் வேலை விடியலில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். அவர்களும் காலையிலேயே வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வெயில் ஏறும்வரை பார்த்து, எல்லாம் முடிந்திருக்கும் என்று வீட்டுக்குப் போனால், கம்பெனி வண்டி அப்போதுதான் வாசலில் வந்து நிற்கிறது. கூடவே ஒரு டெம்போ. அதன் மேல் பெரிய அட்டைப்பெட்டி. தெருவே வேடிக்கை பார்த்தது. என்னால் திரும்பிப் போகவும் முடியவில்லை. உப்பு பூத்த காலோடு சமையலறை ஓரத்தில் போய் நின்றேன்.

கம்பெனியிலிருந்து வந்த பொறுப்பாளர் மரியாதையான மனிதர். அவர்களே கொண்டுவந்த உப்புப் பாக்கெட்டுகளை மேடையில் அடுக்கினார்கள். ஆக, அது வாசலைத் தாண்டித்தான் விட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்த பொறுப்பாளர் நிமிர்ந்தார்.

"அம்மா, அந்த ஜாடியை மட்டும் கொஞ்சம் எடுத்துடலாங்களா? கல்லு உப்பு தெரியுது."

"அது அங்கதாங்க இருக்கும்."

"ரெண்டு நிமிஷம்தாம்மா. எடுத்து முடிச்சதும் திரும்ப வச்சிடலாம்."

"இல்லீங்க. அதை எடுக்க மாட்டோம்."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டாள். பொறுப்பாளருக்கு ஒன்றும் புரியவில்லை. வீடியோ அனுப்பினால்தான் ஹெட் ஆபீஸில் பரிசை ஒப்படைக்கச் சொல்வார்கள், இல்லாவிட்டால் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும், தன் கையில் ஒன்றும் இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். துணி போட்டு மூடலாமா என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். இத்தனை வருஷம் கொசுவத்திக்கும் சோப்புக்கும் வாய்கூசாமல் நிறைவு நிறைவு என்று எழுதியவள், ஒரு ஜாடிக்காக மெஷினை விடப்போகிறாள். எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். அவள் இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் போய் ஜாடியைத் தூக்கினேன்.

"ஏங்க…" என்றாள்.

"நீ சொல்லு. அவங்களுக்கு நேரமாவுது" என்றேன். நல்லவிதமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். வழக்கம்போல எரிந்து விழுந்த மாதிரிதான் வந்தது.

ஜாடியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். போன பிறகுதான் அதை எங்கே வைப்பது என்று யோசித்தேன். பின்பக்கம் மண்தரை. கோழிகள் திரிந்துகொண்டிருந்தன. தரையில் வைக்கக் கூடாத ஜாடி, விளிம்பு வரைக்கும் புது உப்பு. வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். கதவு திறந்திருந்தது. அவள் பக்கவாட்டில் தெரிந்தாள்.

"ரெடி, சொல்லுங்கம்மா."

"தரத்தில்…" என்றாள். நிறுத்திவிட்டாள்.

"பரவால்லம்மா, மறுபடி."

"தரத்தில்… விலையில…"

வரவில்லை. எத்தனை கூப்பனில் எழுதிய வாசகம். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் அதை எழுதியிருக்கிறாளே ஒழிய ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் நான்தான். குழம்புக்கும் நைட்டிக்கும் மைத்துனி வருகைக்கும் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்தது நான். மேடையில் ஜாடி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தாளில் எழுதிக் காட்டினார்கள். கண்ணாடி போட்டால் படிப்பாள், கண்ணாடி போட்டால் கேமராவில் வெளிச்சம் அடிக்கிறது என்று கழற்றச் சொல்லியிருந்தார்கள். திரும்பத் திரும்ப அதே இடத்தில் நின்றாள். கண் கலங்கிவிட்டது. பொறுப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தரத்தில் உயர்வு" என்றேன் நான், பின்வாசலிலிருந்து.

அவள் திரும்பவில்லை. "தரத்தில் உயர்வு" என்றாள்.

ஜாடி கனத்தது. உப்பு வாரிய கை ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது. முழங்காலை முட்டுக் கொடுத்துக்கொண்டேன்.

"விலையில் மலிவு."

"விலையில் மலிவு."

"எங்கள் வீட்டுக்கு நிறைவு" என்றேன். கிண்டலாகச் சொல்லியே பழகிய வரியை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"எங்கள் வீட்டுக்கு நிறைவு" என்று அவள் கேமராவைப் பார்த்துச் சொல்லி, அவர்கள் கேட்டபடி சிரிக்கவும் செய்தாள்.

"சூப்பர்ம்மா" என்றார் பொறுப்பாளர்.

அவர்கள் பாக்கெட்டுகளை எங்களுக்கே விட்டுவிட்டுப் போனார்கள். புதுத்துணிக்குச் சாயம் போகாமலிருக்க உப்புத்தண்ணீரில் ஊறவைப்பதற்கு ஆகும் என்று அவள் அதைக் குளியலறையில், கைப்பிடி இல்லாத அந்தப் பச்சை வாளியில் போட்டுவைத்தாள். ஜாடியை நானே கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தேன். மெஷினில் முதலில் போட்டது என் கைலியைத்தான். சுற்றி முடித்து எடுத்ததும் அவள் அதன் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரிக்கவில்லை என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த வீடியோ உப்புக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் வந்திருப்பது எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் காலை வேலை முடிந்து எல்லோரும் வரப்பில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் போனை எடுத்தார். வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டினார். என் மனைவி சிரித்துக்கொண்டே பாக்கெட் உப்பைப் புகழ்வது உப்பளம் முழுக்கக் கேட்டது. நான் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தேன்.

அவர் மறுபடி ஓடவிட்டார். இந்தத் தடவை போனைக் காதருகே வைத்துக் கேட்டார்.

"ஏம்பா, பின்னாடி யாரோ எடுத்துக் குடுக்கறான் பாரு. ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி லேசா கேக்குது. யாரு அது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யார் குரல் என்று கண்டுபிடிக்க அங்கே ஒருவருக்கும் நேரம் பிடிக்காது. அந்த வாசகத்தை என் குரலில்தானே அவர்கள் கேட்டுப் பழகியிருந்தார்கள்.

"நான்தாண்ணே" என்றேன்.

கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. படத்தை நிறுத்தி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தார்.

"உங்க வீட்டு ஜாடி எங்கப்பா? மேடையில காணும்?"

சோற்றை விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

"என் கையில இருந்துச்சுண்ணே."